சமாதியில் ஒரு கிழிந்த காது

செத்துப்போன சல்தூக் வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட அடித்தவனில்லை. ஆட்டை அறுக்க வேண்டுமென்றாலும் அடுத்த கூடாரத்து ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அறுத்து முடிகிற வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவனின் சமாதியில் ஒரு மரப்பொம்மை நட்டிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது, நீதிபதி சோர்பன் குடித்துக்கொண்டிருந்த கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சல்தூக்கின் ஜனங்களான ஓகூஸ் மேய்ச்சல்காரர்களின் வழக்கம் அவருக்கு அத்துப்படி. ஒருவன் எத்தனை பேரைக் கொன்றானோ அத்தனை மரப்பொம்மைகளை அவன் மண்மேட்டில் நடுவார்கள். கொல்லப்பட்டவர்கள் மறு உலகத்தில் அவனுக்கு ஏவலாட்கள். யாரையும் கொல்லாதவனுக்குப் பொம்மை கிடையாது. அவன் அங்கே தன்னந்தனியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

"யார் மூஞ்சியைச் செதுக்கி வெச்சிருக்காங்களாம்?" படகில் ஏறி உட்கார்ந்ததும் மசாவா கேட்டாள்.

"உச்சாய்."

"கிழிஞ்ச காது உச்சாயா? எங்க ஊர்க்காரனா?"

"அவனேதான். பனி உருகினதுலேருந்து ஆளைக் காணோம்."

"காணாமப் போனவனைச் சமாதியில கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம வேலை மிச்சம்."

மசாவா புர்த்தாஸ் காட்டுக்காரி. சோர்பனிடம் மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தவள். ஆற்றுக்கு இரண்டு கரையிலும் பேசுகிற எல்லா மொழியும் அவளுக்கு வரும், எந்த மொழியிலும் வாயை மூடத்தான் வராது. கோணல் மூக்கு, இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். படகில் துடுப்பு சோர்பன் கையில் இருந்தது. அவள் கையில் ஒரு சின்னக் கத்தியும் மரத்துண்டும்.

"என்ன சீவற?"

"கரண்டி. நான் போனப்புறம் கஞ்சியைக் கையால அள்ளியா குடிப்பீங்க?"

சோர்பன் துடுப்பை அழுத்திப் போட்டார். இன்று அவளுக்குக் கடைசி நாள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற புர்த்தாஸ் படகுகள் பொழுது சாயும்போது வடக்கே திரும்புகின்றன. அவளும் அதில் போகிறாள். திரும்பி வருவாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் காரணம்.

நீதிபதி துடுப்புப் போட, உதவியாள் உட்கார்ந்து கட்டை சீவுவதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. புல் தலைகாட்டியதும் கஸார் தலைநகரமான இத்தில் வழக்கம்போலக் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு வயலுக்கும் மேய்ச்சலுக்கும் கிளம்பிவிட்டது. கூடாரம் இருந்த இடங்களில் வட்டவட்டமாக வெளுத்த மண்தான் கிடந்தது. தீவிலிருக்கும் மன்னரின் செங்கல் கோட்டையில் காவல்காரர்கள் மட்டும் இருந்தார்கள்.

கஸார் மன்னர் வைத்திருந்த நீதிபதிகள் ஏழு பேர். யூதர்களுக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, கிறிஸ்தவர்களுக்கு இரண்டு. மரத்தையும் வானத்தையும் கும்பிடுகிற மீதி ஜனங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒருவர், சோர்பன். மற்ற ஆறு பேரும் தீர்ப்பு தெரியாமல் முழித்தால் வேதப் புத்தகத்தைப் புரட்டலாம், அதிலும் கிடைக்காவிட்டால் பக்கத்திலிருக்கும் ஜோடியைக் கேட்கலாம். இவருக்குப் புத்தகமும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய இந்த வயதில் வீட்டிலும் அதே நிலைமைதான்.

"எங்க ஊர்ல பொண்ணுங்களே மாப்பிள்ளையைப் பொறுக்கி எடுத்துக்கலாம், தெரியுமில்ல?" என்றாள் மசாவா, அவர் மனதைப் படித்தவள்போல. "நான் பொறுக்கிப் பொறுக்கியே தலை நரைச்சுப்போச்சு. உங்களைப் பொறுக்கத்தான் யாரும் வரலை."

"கரண்டியைப் பாரு."

* * *

கிழக்குக் கரையில் ஏறினால் புல்வெளி. அதில் தனியாக ஒரு மண்மேடு. பக்கத்தில் நட்ட கம்பத்தில் ஒரு குதிரைத் தோல் தலையோடு தொங்கியது. சல்தூக்கிடம் இருந்த ஒரே குதிரை அது. போகிற வழிக்கு அவனுக்கு வேண்டுமே என்று அறுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மேட்டின் ஒரு பக்கம் காணாமல் போனவனின் அண்ணன் கீமல், தன் புர்த்தாஸ் படகுக்காரர்களோடு நின்றான். கையில் கயிறு. இன்னொரு பக்கம் சல்தூக்கின் மகள் குமுஷ். அவளுக்கென்று கூட நிற்க ஒருவரும் இல்லை. அம்மா முன்பே இறந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் மேய்ச்சலுக்குப் போயாகிவிட்டது.

"நீதிபதி ஐயா, பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல," என்று ஆரம்பித்தான் கீமல். "உள்ள படுத்திருக்கறவன் என் தம்பியைக் கொன்னுட்டான். கொன்னவனும் செத்துட்டான், சரி. ஆளுக்கு ஆள் எனக்கு வேணும். இவளைப் படகுல ஏத்தறேன். காலம் பூரா எங்க வீட்டுல அடிமையாக் கிடக்கட்டும்."

"ஏத்திக்கோ," என்றாள் குமுஷ். "வரமாட்டேன்னு நான் சொன்னேனா?"

மசாவா வாயைத் திறந்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூடினாள். அது அபூர்வம்.

"ஏம்மா," என்றார் சோர்பன், "உங்கப்பா கொன்னதை நீ பாத்தியா?"

"பாக்கலை. பொம்மை நிக்குதே, அப்புறம் என்ன?"

"யார் நட்டாங்க?"

"தெரியாது. எங்க ஆளுங்கதான் வழியில போகும்போது நட்டிருப்பாங்க. ஒரு நாள் காலையில வந்து பாத்தேன், நின்னுட்டிருந்துச்சு." அவள் குரல் உடைந்தது, ஆனால் தலை நிமிர்ந்தேதான் இருந்தது. "எங்கப்பாவை எல்லாரும் ஆட்டுக்குட்டின்னு கூப்பிடுவாங்க, பெரியவரே. புதைக்கும்போது நட ஒரு பொம்மைகூட இல்ல. சொந்தக்காரங்க சிரிச்சாங்க. இப்போ அவரும் ஒருத்தனைக் கொன்னிருக்காரு. இல்லேன்னு சொல்லி அதைப் பிடுங்கச் சொல்றீங்களா? பிடுங்கினா அவரு அங்க தனியா இல்ல நிப்பாரு?"

சோர்பன் நீண்ட காலமாக வழக்குக் கேட்கிறவர். கொலைப் பழியை வேண்டாம் என்று அழுதவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார். அப்பாவுக்குக் கொலைப் பட்டம் வேண்டும் என்று அடிமையாகப் போகத் துணிந்த பெண்ணை இன்றுதான் பார்க்கிறார். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அவளிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் போலிருந்தது.

"உச்சாயும் உங்கப்பாவும் சிநேகிதங்கதானே?"

"சித்தப்பான்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு பேரும் ஆட்டுக்குத் தீவனம் போட நாணல் அறுக்க ஆத்து நடுவுல ஒரு தீவுக்குப் போனாங்க. ஆறு அப்போ உறைஞ்சு கிடந்துச்சு. அப்பா மட்டும் காய்ச்சலோட பனி மேல நடந்து திரும்பி வந்தாரு. அடுத்த நாளே பனி உடைஞ்சுது. அதுக்கப்புறம் அவரு எழுந்திருக்கவே இல்ல. கடைசி வரைக்கும் உச்சாய், உச்சாய்னு அந்தப் பேரைத்தான் சொன்னாரு."

"கொன்னவன் வாயில அந்தப் பேரு வராம வேற எந்தப் பேரு வரும்?" என்று கத்தினான் கீமல்.

"சிநேகிதன் வாயிலயும் அதே பேருதான்யா வரும்," என்றாள் மசாவா. "கயிறைக் கீழ போடு. உன் மாட்டைப் பிடிக்கவா வந்திருக்க?"

மேட்டின் காலடியில் ஒரு மரக்கிண்ணம் இருந்தது. சோர்பன் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

"நான்தான் அப்பாவுக்கு தினமும் தினைக்கஞ்சி வைக்கறேன்," என்றாள் குமுஷ் பெருமையாக. "ஒரு பருக்கை விடாம சாப்பிடறாரு. காலையில பாத்தா கிண்ணம் பளபளன்னு இருக்கும்."

"செத்தப்புறமாவது ஒரு ஆம்பளை கிண்ணத்தைக் காலி பண்றானே," என்று முணுமுணுத்தாள் மசாவா.

சோர்பன் கிண்ணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பொம்மையிடம் போனார். இடுப்புயரக் கட்டை. மேல்பாதியில் பட்டையை உரித்து முகம் செதுக்கியிருந்தது. பெரிய வேலைக்காரன் கை இல்லை, ஆனால் அன்பாகச் செய்த கை. அகன்ற நெற்றி, பிளவுபட்ட தாடி, நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கும் காது.

"கீமல், உன் தம்பிக்கு எந்தக் காது கிழிஞ்சது?"

"இடது காது."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"கடிச்சதே நான்தானே! சின்ன வயசுல தேன்கூட்டுக்காகச் சண்டை போட்டோம்." கீமல் இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். முரடனாக நின்றவன் ஒரு நிமிடம் அண்ணனாகிவிட்டான்.

"பொம்மைக்கு வலது காதுல்ல கிழிஞ்சிருக்கு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான்.

"செதுக்கினவன் குடிச்சிருப்பான்," என்றான் கீமல். "காது மாறினா என்ன, மூஞ்சி என் தம்பி மூஞ்சிதான்."

"முகத்துல மத்ததெல்லாம் அச்சு அசலா வந்திருக்கு. தாடியில பிளவு எந்த இடத்துலன்னுகூடத் தெரிஞ்சிருக்கு. காதுக்கு வந்தப்போ மட்டுமா குடிச்சான்?" சோர்பன் பொம்மையின் அடிப்பகுதியைத் தடவினார். அங்கே பட்டையை உரிக்கவில்லை. அதிலிருந்து இரண்டு துளிர்கள் பச்சையாக எட்டிப் பார்த்தன. "பச்சை மரம். ஆத்துவஞ்சி. வெட்டி நட்டாப் பொழைச்சுக்கும். இந்தப் புல்வெளியில வஞ்சி ஏது?"

"கீழ்க்கழியில மட்டும்தான் உண்டு," என்றாள் குமுஷ். "நாங்க யாரும் அங்க போகமாட்டோம். அசையாத தண்ணி. ஆகாது."

"வா, போய்ப் பாக்கலாம்."

"இவ ஓடிட்டான்னா?" என்று குறுக்கே வந்தான் கீமல்.

"ஓடறவ மாதிரியா நிக்கறா? பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வரேன். வராட்டி மசாவாவை நீயே வெச்சுக்கோ."

"ஐயோ, வேணாம்," என்றான் கீமல். அன்று அவன் சொன்னதில் சோர்பனுக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

* * *

கீழ்க்கழியில் காற்று இல்லை. வஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஆள் உயர நாணல். சத்தம் என்று சொல்ல ஒரு தவளைகூட இல்லை. இங்கே ஒரு மனிதன் தனியாக இருந்தால் தன் பெயரையே மறந்துவிடுவான் என்று சோர்பனுக்குத் தோன்றியது. பிறகு தன் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. அதை ஒதுக்கித் தள்ளினார்.

தேடியது சீக்கிரமே கிடைத்தது. வெட்டுப்பட்ட ஒரு வஞ்சிக் கிளை, அதன் கீழே தண்ணீர் ஓரமாக மரச்சீவல்கள்.

"உக்காந்து செதுக்கியிருக்கான்," என்றார். "ஆனா இவ்வளவு ஓரத்துல ஏன்? கால் நனையுமே."

"குளிர்ச்சியா இருந்திருக்கும்." மசாவா அதே இடத்தில் மண்டியிட்டு, வியர்த்த முகத்தைக் கழுவத் தண்ணீரின் மேல் குனிந்தாள்.

"அக்கா! தண்ணிக்குள்ள முகத்தை விடாதே!" குமுஷ் பதறி அவள் தோளைப் பிடித்தாள். "பிடிச்சு வெச்சுக்கும்!"

"என் மூஞ்சியைப் பிடிச்சு வெச்சு அது என்ன பண்ணப்போகுது, பாவம்? ஓகூஸ்காரங்க தண்ணியைக் கண்டா ஓடுவீங்கன்னு தெரியும். முகம் பாக்கறதுக்குமா பயம்?"

"மசாவா, அசையாதே," என்றார் சோர்பன்.

"பாம்பா?"

"மச்சம்."

அவள் அப்படியே உறைந்தாள். சோர்பன் அவள் தோளுக்கு மேலாகத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு எழுந்து ஒரு சுற்று நடந்தார். நல்ல யோசனை வந்தால் அவருக்கு உட்கார முடியாது.

"உன் மச்சம் எந்தக் கன்னத்துல?"

"இடது. எங்க ஊரே சொல்லும்."

"எனக்கு எதிர்ல நின்னா அது எனக்கு வலது கைப்பக்கம் தெரியும். இப்போ தண்ணியில பாரு. உனக்கு எந்தக் கைப்பக்கம் தெரியுது?"

"இடது கைப்பக்கம்."

"அந்த முகத்தைப் பாத்து, அப்படியே எதிர்ல ஒரு கட்டையை வெச்சுச் செதுக்கு. மச்சம் எங்க வரும்?"

மசாவா கையால் காற்றில் ஒரு முகம் வரைந்தாள். தன் இடது கைப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். கண்கள் விரிந்தன. "பொம்மைக்கு வலது கன்னத்துல!"

"உச்சாயை எதிர்ல நின்னு பாத்த எவனும் அந்தக் காதை மாத்திச் செதுக்க மாட்டான். அந்தக் கிழிசலை இந்தப் பக்கம் பாத்தவன் உலகத்துல ஒரே ஒருத்தன்தான். அவன் இங்க உக்காந்து, தண்ணியில தன் மூஞ்சியைப் பாத்துச் செதுக்கியிருக்கான்."

குமுஷ் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். தண்ணீரில் முகம் பார்த்தே வளராதவளுக்கு இது எப்படிப் புரியும்? ஓகூஸ்காரர்கள் யாருக்கும் தோன்றாமல் போனதும் அதனால்தான்.

"உங்கப்பாவைப் புதைச்சப்புறம்தான் பொம்மை வந்துச்சு. அதைச் செஞ்சவன் உச்சாய். அப்படின்னா உச்சாய் சாகலைம்மா," என்றார் சோர்பன்.

"இன்னும் உயிரோட இருக்கான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாள் மசாவா.

"கிண்ணம். நாய் நக்கினாலும் விளிம்புல பிசுக்கு இருக்கும். பேய் நக்கினா எப்படின்னு எனக்குத் தெரியாது. அது ஆத்து மணல் போட்டுத் தேய்ச்சுக் கழுவின கிண்ணம். ஓகூஸ்காரன் எவன்மா கிண்ணம் கழுவுவான்?"

"புர்த்தாஸ் ஆம்பளை கழுவுவான்," என்றாள் மசாவா. "நாங்க அப்படித்தான் வளர்த்து வெச்சிருக்கோம்."

சோர்பன் நாணல் பக்கம் திரும்பினார். "உச்சாய், வெளிய வா."

நாணல் அசையவில்லை.

"நீ பேசமாட்ட, எனக்குத் தெரியும். உன்னையே சல்தூக்குக்குக் கொடுத்துட்ட. இனிமே நீ செத்தவன், செத்தவன் பேசக் கூடாது. சரி, பேச வேண்டாம். காது ஒண்ணாவது கேக்கும் இல்ல? உங்கண்ணன் வந்திருக்கான். உன் பொம்மையைப் பாத்துட்டான். குமுஷை அடிமையாக் கூட்டிட்டுப் போறான். பொழுது சாய்ஞ்சா படகு கிளம்பிடும்."

பிறகு நாணல் விலகியது. தாடி நெஞ்சு வரை வளர்ந்த ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்றான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. இடது காது இரண்டாகத் தொங்கியது.

"சித்தப்பா!" என்றாள் குமுஷ். ஓடிப் போகப் பார்த்தவள், தண்ணீர் விளிம்பில் நின்றுவிட்டாள்.

உச்சாய் பேச முயன்றான். பல நாள் பேசாத தொண்டையில் குரல் சிக்கியது. "பனி உடைஞ்சு தீவுல மாட்டிக்கிட்டேன். வந்து பாத்தா மண்மேடு. ஒத்தைப் பொம்மைகூட இல்லாம... மொட்டையா." எச்சில் விழுங்கினான். "அன்னைக்கே உங்கப்பா கனவுல வந்தான்மா. 'கூட வந்தவங்க எல்லாரும் முன்னால போயிட்டாங்க, குதிரையைப் பிடிக்கக்கூட ஆள் இல்ல, பின்னால தனியா வரேன்'னான். எனக்கு மனசு கேக்கல."

"அப்போ எங்கப்பா யாரையும் கொல்லலையா?"

"கொன்னிருந்தா நான் எதுக்கும்மா என்னைக் கொடுக்கப்போறேன்?"

அவள் முகம் சுருங்கியது. உச்சாய் கரைக்கு வரவில்லை. "ஐயா, நான் வந்து அண்ணன் முன்னால நின்னா இந்தப் பொண்ணு பொழைச்சுக்கும். ஆனா உசிரோட இருக்கறவன் பொம்மை சமாதியில நிக்கக் கூடாதும்பாங்க. பிடுங்கிடுவாங்க. சல்தூக் மறுபடி தனியாயிடுவான். வராட்டி, அவன் பொண்ணு போயிடுவா. நான் என்னய்யா பண்ணட்டும்?"

"வராதீங்க சித்தப்பா," என்றாள் குமுஷ். "நான் போறேன். அப்பாகூட நீங்க இருங்க."

இரண்டு பேரும் தங்களை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கொடுக்கத் தயாராக நின்றார்கள். வாங்கிக்கொள்கிறவனோ மண்ணுக்குள் இருந்தான். தனக்காக ஒருவர் இப்படி முழங்கால் தண்ணீரில் நிற்பாரா என்று சோர்பன் நினைத்துப் பார்த்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

"ரெண்டு பேரும் படகுல ஏறுங்க," என்றார். "தீர்ப்பு சொல்றது என் வேலை."

திரும்பும்போது மசாவா படகின் விளிம்பில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கத்தி மட்டும் ஓயாமல் கட்டையில் ஓடியது.

"என்ன பாக்கற?"

"மூக்கு இவ்வளவு கோணலான்னு பாக்கறேன். இத்தனை நாள் யாரும் சொல்லவே இல்லையே!"

* * *

தம்பியைப் பார்த்ததும் கீமல் ஓங்கி ஓர் அறை விட்டான். அடுத்த நொடியே கட்டிக்கொண்டு கதறினான். படகுக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெயில் சரிந்து மேட்டின் நிழல் நீளமாக விழுந்திருந்தது.

அழுது முடித்ததும் கீமல் நேராகப் பொம்மையிடம் போனான். "இதைப் பிடுங்கி எரிச்சாத்தான் என் தம்பிக்கு ஆயுசு. தள்ளுங்க."

குமுஷ் பொம்மையின் முன்னால் வந்து நின்றாள்.

"கையை வை, பிடுங்கு பாக்கலாம்," என்றார் சோர்பன்.

கீமல் பிடித்து இழுத்தான். பொம்மை வரவில்லை. மறுபடி இழுத்தான். மண் லேசாக விரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக மெல்லிய வேர்கள் தெரிந்தன.

"வேர் விட்டுடுச்சு," என்றார் சோர்பன். "இனி இது கட்டை இல்ல, மரம். சமாதியில முளைச்ச மரத்தைப் பிடுங்கறது உங்க ஊர்ல வழக்கமா, கீமல்?"

புர்த்தாஸ்காரர்கள் மரத்தைக் கும்பிடுகிறவர்கள். கீமல் சட்டென்று கையை எடுத்தான்.

"இப்போ தீர்ப்பு. கொலை நடக்கலை, அதனால ஆளுக்கு ஆள் இல்ல. பொம்மை நிக்கட்டும். கூட வர்றேன்னு சொன்னவன் எப்போ வரணும்னு எந்த வழக்கத்துலயும் இல்ல. உச்சாய் சாகற அன்னைக்குப் போகட்டும். அதுவரைக்கும் இது சல்தூக் பக்கத்துல இடம் பிடிச்சு வெச்சிருக்கும்."

உச்சாய் பொம்மையைப் பார்த்தான், பிறகு மேட்டைப் பார்த்தான். நெஞ்சில் வெகுநாளாக அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது.

"ஆனா கொன்னது இல்லையே," என்றாள் குமுஷ் மெதுவாக. "மறுபடியும் ஆட்டுக்குட்டின்னுதானே சொல்வாங்க?"

பதில் மசாவாவிடமிருந்து வந்தது. "ஏண்டி, உங்க வீரனுங்களுக்கெல்லாம் அங்க யாரு வேலை செய்யறா? தலை வெட்டுப்பட்டு, பலவந்தமாப் போய்ச் சேர்ந்தவனுங்க. பாலை ஊத்திக் கொடுக்கும்போது அதுல துப்பித்தான் கொடுப்பானுங்க. உங்கப்பாவுக்குத்தான் ஒருத்தன் தானா வந்து நிக்கறான். யாராவது சிரிச்சா, உங்க சமாதிக்கு அப்படி ஒருத்தனைக் காட்டுங்கடான்னு கேளு."

குமுஷ் முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

உச்சாய் ஊருக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். ஆடுகள் இருந்தன, குமுஷ் இருந்தாள், தினைக்கஞ்சி இருந்தது. கீமல் ஒரு மூட்டைத் தேனடையை இறக்கி வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து இதே தொல்லை என்று திட்டிக்கொண்டே படகில் ஏறினான்.

சீவிய கட்டையைச் சோர்பனின் தோள்பைக்குள் திணித்துவிட்டு மசாவாவும் ஏறினாள்.

"ஐயா, கஞ்சியை ஆற வெச்சுக் குடிங்க. துணி துவைக்கறவ ஏமாத்துவா, எண்ணி வாங்குங்க. ரூஸ் வியாபாரிங்க வந்தா அவங்க சொல்ற மொழிபெயர்ப்பை நம்பாதீங்க."

"சரி."

"'சரி'யாம்! இத்தனை வருஷத்துக்கு ஒரு 'சரி'!"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று சோர்பன் தவித்தார். கொலையும் பழியும் என்றால் வாய் திறக்கிறது. இதற்கு அது திறப்பதில்லை. போகாதே என்ற ஒரு வார்த்தை நாக்கு வரை வந்து திரும்பிப் போனது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடு ஆற்றுக்குப் போயின. அவள் குரல் கடைசி வளைவு வரை கேட்டது. யாரோ ஒரு துடுப்புக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் தனியாக மேற்குக் கரைக்கு வந்தார். வெளுத்த வட்டங்களுக்கு நடுவே நடந்து வீட்டுக்குப் போனார். ஒரு நாய் பின்னால் கொஞ்ச தூரம் வந்து, இவரிடம் ஒன்றும் தேறாது என்று தெரிந்து நின்றுவிட்டது. வாசலில் உட்கார்ந்தார். காலையில் பாதி குடித்த கஞ்சி கல்லாக இறுகிக் கிடந்தது.

கரண்டி ஞாபகம் வந்தது. செய்து முடித்தாளா என்று பைக்குள் கையை விட்டார். கட்டை தட்டுப்பட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தார். அது கரண்டி இல்லை. விரல் நீளத்தில் ஒரு பொம்மை. கோணல் மூக்கு. ஏதோ சொல்ல வந்ததுபோலத் திறந்த வாய். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.